மின் சாமியின் இடது கை

கார்மேகத்தை யாராவது என்ன வேலை என்று கேட்டால் ஏசி மெக்கானிக் என்று சொல்லிவிடுவான். விசாவில் இருந்ததும் அதுதான். ஆனால் அவன் நிஜமாகப் பார்த்துக்கொண்டிருந்தது ஈரத்தை.

சார்ஜாவில் ஒரு பழைய வியாபாரக் குடும்பம், தாங்கள் மூன்று தலைமுறையாக வாங்கிச் சேர்த்த பழம்பொருட்களை வைத்து ஒரு மியூசியம் நடத்திவந்தது. சின்னதுதான். நான்கு ஹால், அறுபத்திரண்டு கண்ணாடிப் பெட்டி. ஒவ்வொரு பெட்டிக்கும் அடியில் பார்வைக்குத் தெரியாமல் ஒரு இழுப்பறை உண்டு. அதற்குள் ஒரு தட்டில் கடுகைவிடக் கொஞ்சம் பெரிய மணிகள் பரப்பியிருக்கும். காய்ந்திருந்தால் ஆரஞ்சு நிறம்; காற்றின் ஈரத்தைக் குடித்துவிட்டால் கரும்பச்சை. காலை ஏழு மணிக்கு, கதவு திறப்பதற்கு முன்பே, கார்மேகம் ஒவ்வொரு இழுப்பறையாக இழுத்துப் பார்த்து, பச்சையாகிப் போன தட்டை எடுத்துவிட்டு ஆரஞ்சுத் தட்டை வைப்பான். எடுத்த பச்சையை மாடிக்குக் கொண்டுபோய் ஓவனில் வாட்டி மறுபடி ஆரஞ்சாக்குவான். ஆறு வருஷமாக இதுதான்.

"பேரு கார்மேகம். வேலை ஈரத்தை விரட்டுறது. உங்க அத்தா அம்மா கேட்டா மனசு ஒடிஞ்சு போவாங்க தம்பி" என்பார் சாதிக் பாட்ஷா. கீழக்கரைக்காரர், ஐம்பது வயது, மூன்றாம் ஹாலின் செக்யூரிட்டி. அந்தக் கட்டடத்தில் காலையில் அவனோடு தமிழ் பேசுகிற முதல் ஆள். அநேகமாகக் கடைசி ஆளும் அவர்தான்.

மூன்றாம் ஹாலில் நாற்பத்தொன்றாம் பெட்டியில் அந்தச் சாமி நின்றது. வெண்கலம், ஒரு சாண் உயரம். உடம்பைத் துணி சுற்றிக் கட்டியதுபோல் கால்கள் இரண்டும் ஒட்டி ஒரே தூணாக இருக்கும். தலையில் இரண்டு நெடிய இறகுகள். வலது கை பின்பக்கமாக மேலே தூக்கியிருக்கும், யாரையோ அடிக்க ஓங்கினாற்போல. இடது கை இடுப்புக்குக் கீழே எதையோ பிடித்த மாதிரி மூடியிருக்கும். பிடிக்கப்பட்ட பொருள் இல்லை. தடியோ கொடியோ ஏதோ வைத்திருந்து உடைந்துபோயிருக்கும் என்று கார்மேகம் வெகுநாள் நினைத்திருந்தான்.

பெட்டியில் அரபியிலும் இங்கிலீஷிலும் பெயர் எழுதியிருந்தது. 'மின்' என்று எழுத்துக்கூட்டிப் படித்தபோது அவனுக்குச் சிரிப்பு வந்தது. கரண்ட் வேலை பார்க்கிறவனுக்கு ஏற்ற சாமி என்று நினைத்துக்கொண்டான். கீழே இருந்த வரியைச் சாதிக் பாட்ஷாதான் படித்துச் சொன்னார். எகிப்து. இரண்டாயிரத்து அறுநூறு வருஷத்துக்கு முந்தியது. பிள்ளை வரமும் விளைச்சலும் கொடுக்கிற தெய்வம்.

அன்றைக்குக் கார்மேகம் தட்டை மாற்றிவிட்டு அடுத்த பெட்டிக்குப் போனான். ஆனால் அன்றிலிருந்து நாற்பத்தொன்றாம் பெட்டிக்கு அவன் கடைசியாக வர ஆரம்பித்தான். எல்லாவற்றையும் முடித்துவிட்டு வந்தால் அங்கே நின்றுகொண்டிருக்க ஐந்து நிமிடம் கிடைக்கும். கும்பிடவெல்லாம் மாட்டான், கேமரா இருந்தது. சும்மா நிற்பான்.

அவனுக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். மனைவி விஜி கமுதிக்குப் பக்கத்தில் அவன் வீட்டில் அவன் அம்மாவோடு இருந்தாள். ஒன்பது வருஷத்தில் அவன் அவளோடு இருந்த நாட்களைச் சேர்த்தால் ஒரு வருஷம்கூடத் தேறாது. பிள்ளை இல்லை. இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை வந்து நாற்பது நாள் இருந்துவிட்டுப் போகிறவனுக்கு எப்படிப் பிறக்கும் என்று முதலில் ஊரில் சொன்னார்கள். அதே நாற்பது நாள் லீவில் வந்துபோனவர்களுக்கெல்லாம் பிறந்த பிறகு, அந்தப் பேச்சு நின்று வேறு பேச்சு ஆரம்பித்தது.

நான்கு வருஷத்துக்கு முன்னால் பரமக்குடியில் விஜியைப் பார்த்த டாக்டர், புருஷனுக்கும் ஒரு டெஸ்ட் எடுத்தாக வேண்டும் என்றார். கார்மேகம் சார்ஜாவில் தான் தங்கியிருந்த ரோலாவிலேயே ஒரு கிளினிக்கில் எடுத்தான். அங்கிருந்த மலையாளி டாக்டர் வயதானவர், பொறுமையானவர். காகிதத்தை இரண்டு தடவை பார்த்துவிட்டு, "சின்ன வயசில் பொன்னுக்கு வீங்கி வந்ததோ?" என்று கேட்டார். வந்தது, பதினாறு வயதில். கன்னம் வீங்கி, அப்புறம் கீழேயும் வீங்கி, பதினைந்து நாள் படுத்துக் கிடந்தான். டாக்டர் தலையாட்டினார். விந்தில் உயிரணுவே இல்லை, ஒன்றுகூட இல்லை, மருந்தால் சரியாகாது என்று மெதுவாகச் சொன்னார். "இது ஆரோட தப்பும் இல்ல, கேட்டோ" என்று தோளில் தட்டியும் கொடுத்தார்.

வெளியே வந்து, பஸ் நிற்கிற இடத்தில் கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டே விஜிக்குப் போன் போட்டான். சொல்லிவிடத்தான் போட்டான். அவள் எடுத்ததும் எடுக்காததுமாக, "உங்களுக்கு ஒண்ணும் இல்லைன்னு சொல்லுங்க, சாமி சத்தியமா நான் ராத்திரி பூரா தூங்கலை" என்றாள்.

"ஒண்ணும் இல்ல" என்றான்.

அவ்வளவுதான். அவள் தந்த சொற்களையே அவளுக்குத் திருப்பிக் கொடுத்தான். ரிப்போர்ட் அரபியில் இருக்கிறது, எல்லாம் நார்மலாம் என்று பிறகு சேர்த்துக்கொண்டான். பரமக்குடி டாக்டரும் விஜி சொன்னதை நம்பி ஃபைலில் எழுதிவிட்டார். அப்புறம் மதுரையில் வேறு டாக்டரிடம் போனபோது அவர் அந்த ஃபைலைப் பார்த்து எழுதினார். காகிதம் கார்மேகத்தின் பாஸ்போர்ட் உறைக்குள் மடங்கிக் கிடந்தது.

அதற்குப் பிறகு எல்லாம் விஜியின் உடம்பில் நடந்தது. மருந்தைச் செலுத்திப் படம் எடுத்தார்கள். மாத்திரை சாப்பிட்டு உடம்பு ஊதி, முடி கொட்டியது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் வயிற்றில் மூன்று ஓட்டை போட்டு ஆபரேஷன் செய்தார்கள். ஏதோ ஒட்டிக்கொண்டிருந்ததாம், பிரித்துவிட்டார்களாம். வளைகாப்பு வீடுகளில் அவளைப் பின்வரிசையில் நிற்க வைத்தார்கள். பிறகு அவளே போவதை நிறுத்திக்கொண்டாள். இதெல்லாம் அவனுக்குப் போன் வழியாக வந்தது. ஒவ்வொரு தடவையும் இன்றைக்குச் சொல்லிவிடலாம் என்று இருக்கும். சொல்லாத நாள் ஒன்று கூடக் கூட, சொல்வது இன்னும் பெரிய காரியமாகிக்கொண்டே போனது.

ரோலாவில் அவன் ரூமில் ஏழு பேர் இருந்தார்கள். யாரோடும் அவனுக்குச் சண்டை இல்லை, யாருக்கும் அவனைப் பற்றி ஒன்றும் தெரியாது. வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் சமைத்துச் சாப்பிட்டு, படுத்துக்கொண்டு பிள்ளைகளோடு வீடியோவில் பேசும்போது, இவன் துவைக்கிற துணியை எடுத்துக்கொண்டு பாத்ரூமுக்குப் போய்விடுவான்.

ஆகஸ்ட் மாதம் ஒரு சனிக்கிழமை மியூசியம் முழுவதையும் குளிரவைக்கிற சில்லர் மெஷின் நின்றுபோனது. வெளியே குளியலறைக்குள் நிற்பது போன்ற புழுக்கம். ஆள் வந்து சரிசெய்ய இரண்டு நாள் ஆனது. கார்மேகம் தட்டுகளை மாற்றி மாற்றி வைத்தும் ஈரத்தை அளக்கிற மீட்டர் அறுபதைத் தாண்டியது. திங்கட்கிழமை காலை நாற்பத்தொன்றாம் பெட்டியின் முன்னால் குனிந்தபோது, சாமியின் காலடிக்குக் கொஞ்சம் மேலே வெளிர்பச்சையில் ஏதோ பூத்திருந்தது. பூசணம் மாதிரி, ஊசிமுனை அளவில் நாலு புள்ளி. அதற்குக் கீழே பீடத்தில் அதே நிறத்தில் துளித் தூள் உதிர்ந்திருந்தது. சில்லர் நிற்பதற்கு முன்னால் அது இல்லை. அவனுக்கு அந்த உருவத்தின் ஒவ்வொரு கீறலும் தெரியும்.

சூப்பர்வைசர் பாலகுருவிடம் போய்ச் சொன்னான். பாலகுரு கோயம்புத்தூர்க்காரர், மியூசியத்தின் ஏசி வேலையைக் காண்ட்ராக்ட் எடுத்திருந்த கம்பெனியின் பெயர் கெடாமல் பார்த்துக்கொள்வதையே தன் வேலையாக நினைக்கிறவர்.

"பொருளைப் பத்தி நாம வாயே தெறக்கக் கூடாதுங்க, கார்மேகம். சில்லர் நின்னதுனாலதான் இப்படின்னு நம்ம தலைல கட்டிடுவாங்க. நீங்க தட்டை மாத்துங்க, போதும்."

"பரவிரும் போல இருக்குங்க சார்."

"அவங்களே பாத்துக்குவாங்க. எப்பவாச்சும் பாப்பாங்கல்ல?"

கார்மேகம் சரி என்று வந்துவிட்டான். மதியம் வரைக்கும் மாடியில் மணிகளை வாட்டிக்கொண்டிருந்தான். சாப்பாட்டு நேரத்தில் டிபன்பாக்ஸைத் திறந்து, திறந்தபடியே வைத்துவிட்டு, கீழே லேபுக்குப் போய்க் கதவைத் தட்டினான்.

லேபில் இருந்தது சம்யுக்தா. சென்னைக்காரர், முப்பத்தாறு முப்பத்தேழு வயதிருக்கும். பழைய பொருட்கள் கெட்டுப்போகாமல் பார்த்துக்கொள்கிற வேலை. புருஷனும் ஏழு வயது மகளும் இங்கேயே இருந்தார்கள். கார்மேகம் விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் கையுறையை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார். பெட்டியின் முன்னால் லென்ஸை வைத்துப் பார்த்தவர் நிமிர்ந்து, "இதை நீங்க வெறும் கண்ணாலயா பாத்தீங்க?" என்றார்.

"தினம் பாக்குறது, மேடம்."

"வெண்கல நோய்னு சொல்லுவோம் இதை. மண்ணுக்குள்ள கிடந்தப்போ உப்பு உள்ள போயிருக்கும். ஈரம் பட்டதும் முழிச்சிக்கும். விட்டிருந்தா ஒரே மாசத்துல காலையே தின்னிருக்கும்."

சம்யுக்தாவின் உதவியாள் ஊருக்கு லீவில் போயிருந்தான். சாமியை வைக்கிற உலர்ந்த காற்றுப் பெட்டியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும் என்று அவர் பாலகுருவிடமே கேட்டு, கார்மேகத்தைப் பத்து நாளைக்கு வாங்கிக்கொண்டார். பாலகுரு முகத்தைத் தூக்கிவைத்துக்கொண்டு சரி என்றார்.

அந்தப் பத்து நாளும் கார்மேகம் லேபில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்து, மீட்டரைப் பார்த்துக்கொண்டும், சொன்ன இடத்தில் விளக்கைப் பிடித்துக்கொண்டும் இருந்தான். சம்யுக்தா மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்து, மெல்லிய கத்தியால் பச்சைத் தூளைச் சுரண்டிக்கொண்டே பேசுவார். வீட்டில் மகள் இங்கிலீஷ்தான் பேசுவாள், தமிழில் கேட்டால் அழுவாள் என்று ஒருநாள் சொன்னார். பேச ஆள் கிடைத்த ஆசை அவருக்கும் இருந்தது.

"இவரு பிள்ளை வரம் தர்ற சாமின்னு போட்டிருக்கே, மேடம்" என்று மூன்றாம் நாள் கார்மேகம் கேட்டான். கேட்க இரண்டு நாள் ஆயிற்று.

"ஆமா. விளைச்சலுக்கும் இவர்தான். அறுவடைக்கு ராஜாவே வந்து கும்பிடுவாராம். லெட்டூஸ் கீரையைக் கட்டுக் கட்டா வைச்சுப் படைப்பாங்களாம்." கத்தியைத் துடைத்துக்கொண்டார். "ஆனா இவருக்கு இன்னொரு வேலையும் உண்டு. நைல் நதிக்குக் கிழக்கால முழுக்கப் பாலைவனம். அங்க கல் உடைக்க, தங்கம் தோண்ட ஆளுங்களைக் கூட்டம் கூட்டமா அனுப்புவாங்க. மாசக்கணக்குல திரும்ப முடியாது. அந்த ஆளுங்களுக்கும் இவர்தான் காவல். வழியில பாறையில எல்லாம் இவர் உருவத்தை வரைஞ்சு, பேரை எழுதி வச்சிருக்காங்க."

"வீட்டை விட்டுப் போனவங்களுக்கா?"

"ஆமா."

கார்மேகம் மீட்டரைப் பார்த்தான். முப்பத்திரண்டு காட்டியது.

"அந்த இடது கையில என்ன வச்சிருந்தாரு, மேடம்? தடியா?"

சம்யுக்தா மைக்ராஸ்கோப்பிலிருந்து கண்ணை எடுத்தார். சிரிக்கவில்லை, கூச்சமும் படவில்லை. டாக்டர் சொல்வதுபோல் சொன்னார். "தடி இல்லை. அது அவரோட குறி. இந்தச் சாமியை எப்பவுமே அப்படித்தான் செய்வாங்க. குறி விறைச்சு, அதை இடது கையில பிடிச்சு."

"உடைஞ்சிருச்சா?"

"இங்க வந்து பாருங்க."

அவன் முதல்தடவையாக அந்தக் குழாயில் கண்ணை வைத்தான். மூடிய விரல்களுக்கு முன்னால் ஒரு சின்ன வட்டம், அதில் இணை இணையாகக் கோடுகள். பட்டறையில் வேலை பார்த்தவன், பார்த்ததும் தெரிந்தது.

"அரம் போட்டு ராவியிருக்காங்க" என்றான்.

"கரெக்ட். நூறு வருஷத்துக்குள்ளதான் இருக்கணும். எவனோ வியாபாரி. கௌரவமான வீட்டுல வாங்கி வைக்கணும்னா அது இருக்கக் கூடாதுன்னு அறுத்து, ராவி, மேல கருப்பு மெழுகைத் தடவி மறைச்சிருக்கான்."

"அது இல்லாம... இவருதான் அந்தச் சாமின்னு எப்படிக் கண்டுபிடிச்சீங்க?"

"தூக்கின கை இருக்கே. இறகு இருக்கு. அடியில பேரு வெட்டியிருக்கு." சம்யுக்தா மறுபடி கண்ணை வைத்துக்கொண்டார். "அறுத்துட்டா ஆள் மாறிடுவாரா என்ன?"

வேலைப் போக்கில் சொன்னதுதான். அவர் அடுத்த புள்ளியைச் சுரண்ட ஆரம்பித்துவிட்டார். கார்மேகம் பிடித்திருந்த விளக்கு சாமியைவிட்டு நகர்ந்திருந்தது. "நேரா பிடிங்க" என்றார் சம்யுக்தா.

ஞாயிற்றுக்கிழமை விஜி கூப்பிட்டாள். மதுரையில் இன்னொரு ஆபரேஷன் என்று சொல்லியிருந்தார்கள். புதன்கிழமை தேதி கொடுத்துவிட்டார்களாம்.

"செவ்வாக்கிழமை சாயங்காலமே வந்து படுக்கச் சொல்லிட்டாக. கூட யாரு வருவாகன்னு கேக்குறாக. உங்கம்மா முட்டி வலிங்குறாக. நான் தனியாத்தான் போகணும் போல."

"விஜி..."

"வரச் சொல்லலை. உங்களால வர முடியாதுன்னு தெரியும். போன தடவை மயக்கம் தெளிஞ்சு கண்ணத் தொறக்கேன், பக்கத்துல ஒருத்தரும் இல்லை. யாரோ ஒரு நர்ஸு போனு பேசிக்கிட்டு நிக்குது. செத்துட்டோம் போலன்னு நினைச்சேன். அது மட்டும்தான் பயமா இருக்கு. மத்தபடி வலியெல்லாம் தாங்கிருவேன்."

அவன் ஏதோ சொன்னான். தைரியமாக இரு என்றோ என்னவோ. போனை வைத்தபிறகு என்ன சொன்னோம் என்று அவனுக்கே நினைவில்லை.

திங்கட்கிழமை முழுக்கப் போனை எடுப்பதும் வைப்பதுமாக இருந்தான். செவ்வாய்க்கிழமை பதினோரு மணிக்குச் சம்யுக்தாவிடம் பத்து நிமிடம் கேட்டுக்கொண்டு, மொட்டைமாடிக்குப் போகிற படிக்கட்டில் ஏறினான். சில்லர் இரைச்சலில் இருந்து தள்ளி, தண்ணீர் டேங்கின் நிழலில் நின்றான். நிழலே கொதித்தது. ஊரில் பன்னிரண்டரை இருக்கும்.

விஜி உடனே எடுத்தாள். "சோறு வடிச்சு வச்சுட்டுக் கிளம்பணும், பருப்பு வெந்துக்கிட்டு இருக்கு. பயப்படாதேன்னு சொல்லத்தானே கூப்பிட்டீக?"

"விஜி, நீ போகாத."

"எங்க?"

"ஆஸ்பத்திரிக்கு. ஆபரேஷன் வேணாம். உனக்கு ஒண்ணும் இல்லை."

"டாக்டரு சொல்றாரு, நீங்க இல்லைங்குறீக."

"குறை எனக்கு." நிறுத்தினால் மறுபடி ஆரம்பிக்க முடியாது என்று ஒரே மூச்சில் சொன்னான். "நாலு வருஷத்துக்கு முந்தி டெஸ்ட் எடுத்தேன்ல, அதுல நார்மல்னு வரலை. உயிரணு ஒண்ணுகூட இல்லைன்னு வந்துச்சு. பொன்னுக்கு வீங்கி வந்து போனதாம். மருந்து இல்லையாம். நான்தான் உன்கிட்டப் பொய் சொன்னேன். உன்னால இல்லை. என்னாலதான்."

அந்தப் பக்கம் குக்கர் விசில் அடித்தது. இரண்டாவது விசில் அடித்தது. அவள் எழுந்து போய் அடுப்பை அணைப்பாள் என்று அவன் காத்திருந்தான். மூன்றாவதும் அடித்தது.

"அப்ப என் வயித்தைக் கிழிச்சாகளே" என்றாள் கடைசியில். "அது எதுக்கு?"

"விஜி..."

"எதுக்குன்னு கேக்கேன்."

அவன் டேங்கின் நிழலை விட்டு வெயிலுக்கு வந்து நின்றான்.

"அந்தக் கருமாரி வீட்டு வளைகாப்புல என்னைய எந்திரிக்கச் சொன்னாகளே, அன்னைக்கு ராத்திரி உங்ககிட்டப் போன்ல அழுதேன். நீங்க என்ன சொன்னீக? விடு விஜி, சாமி கண்ணத் தொறப்பாருன்னீக. தெரிஞ்சுக்கிட்டே சொன்னீக."

"ஆமா."

"அந்தப் பேப்பர் இருக்கா?"

"இருக்கு. ரூம்ல இருக்கு."

"படம் எடுத்து அனுப்புங்க."

போன் அணைந்தது.

பாலகுருவிடம் வயிற்றுவலி என்று சொல்லி அரைநாள் லீவு வாங்கிக்கொண்டு ரோலாவுக்குப் போனான். ரூமில் அந்நேரம் யாரும் இல்லை. பாஸ்போர்ட் உறையிலிருந்து காகிதத்தை எடுத்து, மடிப்புகளைத் தேய்த்துவிட்டு, கட்டில்மேல் விரித்துப் படம் எடுத்தான். பாதி அரபி, பாதி இங்கிலீஷ். பூஜ்யம் மட்டும் எல்லோருக்கும் புரியும். அனுப்பினான். வாட்ஸ்அப்பில் இரண்டு டிக்கும் நீலமானது, அவள் பார்த்துவிட்டாள். பதில் வரவில்லை.

வியாழக்கிழமை சாயங்காலம் அவன் அம்மா வீரம்மாள் கூப்பிட்டு அழுதாள். விஜி அந்தப் படத்தைப் பக்கத்து வீட்டு டீச்சரிடம் காட்டி, வாசலில் நிற்க வைத்து, சத்தமாக வாசிக்கச் சொன்னாளாம். தெருவே கேட்டதாம். "ஊர் சிரிக்க வச்சிட்டியேடா. இதை நீ வாயத் தொறந்து சொல்லணுமா? ஆம்பளை சொல்ற பேச்சா இது?" என்று அழுதாள். விஜி எங்கே என்று கேட்டான். புதன்கிழமை தனியாக மதுரைக்குப் போய், ஆபரேஷன் வேண்டாம் என்று டாக்டரிடம் சொல்லி, ஃபைலை வாங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். பெட்டியை எடுத்துக்கொண்டு திருப்பூரில் அக்கா வீட்டுக்குப் போய்விட்டாள்.

"நான் சொன்னதைத்தான் அவ வாசிக்கச் சொன்னா. அவளை ஒண்ணும் சொல்லாத, ஆத்தா" என்றான் கார்மேகம்.

தெரு முழுக்கத் தெரிந்துவிட்டது என்று கேட்டபோது உடம்பு கூசும் என்றுதான் எதிர்பார்த்திருந்தான். கூசவில்லை. ரொம்ப நாள் மூட்டை தூக்கியவன் இறக்கிவைத்த பிறகும் கூன் நிமிராமல் நடப்பதுபோல் இருந்தது, அவ்வளவுதான்.

லேபில் வேலை முடிந்தது. நோய் நின்றுவிட்டது, சாமியின் காலில் நாலு சின்னக் குழிகள் மட்டும் மிஞ்சின. இனிமேல் இவரை வெளியே வைக்க முடியாது, ஈரம் இல்லாத பெட்டிக்குள் போட்டு ஸ்டோரில் பூட்டிவிட வேண்டியதுதான் என்றார் சம்யுக்தா. கார்மேகமே கையுறை போட்டு, நுரைத் தட்டில் சாமியைப் படுக்கவைத்தான். அந்தச் சின்ன எடை கையில் இருந்தவரை அவனுக்குக் கீழே வைக்க மனசு வரவில்லை. அரம் பட்ட இடத்தைச் சம்யுக்தா சுத்தம் செய்திருந்தார். கருப்பு மெழுகு போய், வெட்டு மஞ்சளாகத் தெரிந்தது.

"மறுபடி மூடலையா, மேடம்?"

"எதுக்கு? அதுவும் அவருக்கு நடந்ததுதானே. ரிப்போர்ட்ல அப்படியே எழுதிட்டேன்."

நாற்பத்தொன்றாம் பெட்டியில் கிண்ணம் ஒன்றை வைத்தார்கள். "உன் சாமி எங்க தம்பி?" என்று சாதிக் பாட்ஷா கேட்டார். "உள்ள இருக்காரு பாய்" என்றான். காலையில் இப்போது எந்தப் பெட்டி கடைசி என்று கணக்கு இல்லை. முடிந்ததும் மாடிக்குப் போய்விடுவான்.

விஜி போனை எடுக்கவில்லை. ஒரு வாரம் தினம் அடித்தான். பிறகு அவள் எடுக்காத போனை அடிப்பதுகூட அவளுக்குத் தொந்தரவுதான் என்று தோன்றி நிறுத்தினான். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ரோலா மைதானத்தில் போய் உட்கார்வான். சுற்றிலும் ஆயிரம் பேர் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோர் காதிலும் போன் இருக்கும். பக்கத்தில் யாராவது தமிழ்க்காரன் மகனிடம் பரீட்சை மார்க்கு கேட்டுக்கொண்டிருப்பான். முன்பானால் எழுந்து போயிருப்பான். இப்போது கேட்டுக்கொண்டே உட்கார்ந்திருந்தான். ரூமில் ஒருவன், "ஏண்ணே, ரெண்டு மூணு வாரமா நீங்க யாரோடயும் போன் பேசலையே, வீட்ல எல்லாரும் சௌக்கியம்தானே?" என்று கேட்டான். "எம் பொண்டாட்டி கோவமா இருக்கா. நான் பண்ணினது தப்பு" என்று சொன்னான். கேட்டவன் ஒரு டம்ளர் டீயைக் கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனான்.

விஜி வீட்டைவிட்டுப் போன இருபத்தேழாம் நாள் அவளிடமிருந்து ஒரு குரல் பதிவு வந்தது. மதியம் சாப்பாட்டு நேரம். பின்னால் தையல் மெஷின்களின் இரைச்சல் கேட்டது. கம்பெனிக்குள் நின்றுகொண்டு பேசியிருக்கிறாள்.

"நான் இங்க பனியன் கம்பெனியில செக்கிங்ல சேந்துட்டேன். அக்கா வீட்டுல இல்லை, லேடீஸ் ஹாஸ்டல்ல இருக்கேன். என் ஃபைலு எங்கிட்ட இருக்கு. நாப்பத்தாறு பக்கம். கிழிச்சுப் போட்டுறலாம்னுதான் இருந்தேன், போடலை. நீங்க வந்து உக்காந்து ஒவ்வொரு பக்கமா எனக்கு முன்னாடி வாசிக்கணும். என்னென்ன ஊசி போட்டாக, என்னென்ன பண்ணினாகன்னு உங்க வாயால சொல்லணும். அப்புறம் என்ன செய்யுறதுன்னு எனக்குத் தெரியலை. சேந்து இருப்பேன்னு இப்ப சொல்ல மாட்டேன். மாட்டேன்னும் சொல்லலை." யாரோ அவளைக் கூப்பிடுகிற சத்தம் கேட்டது. "ஊருக்குப் போகாதீக. நேரா இங்க வாங்க."

அவன் அதை மாடியில் நின்று மூன்று தடவை கேட்டான். பிறகு, "வர்றேன்" என்று ஒரு சொல் அனுப்பினான். அதற்குமேல் என்ன எழுதினாலும் சாக்குப்போக்காகத் தெரிந்தது.

மறுநாள் பாலகுருவின் மேஜைக்கு முன்னால் நின்று லீவு ஃபாரத்தை நிரப்பினான். அவனுக்கு முறைப்படி லீவு வர இன்னும் ஏழு மாதம் இருந்தது. அடுத்த வாரமே பத்து நாள் கேட்டான். பாலகுரு படித்துக்கொண்டே வந்து, காரணம் எழுதுகிற இடத்தில் நிறுத்தினார்.

"என்னங்க இது? எமர்ஜென்சின்னு போடுங்க. யாருக்காச்சும் உடம்பு சரியில்லைன்னு போட்டாத்தான் ஆபீஸ்ல பாஸ் ஆகும். 'மனைவியிடம் மன்னிப்புக் கேட்க'ன்னு எழுதினா எவன் கையெழுத்துப் போடுவான்?"

"பொய் எழுத வேணாம் சார்."

"இங்கிலீஷ்ல எழுதணும்ங்க, தமிழ்ல எழுதியிருக்கீங்க."

"இங்கிலீஷ்ல எப்படி எழுதுறதுன்னு தெரியலை. நீங்க எழுதிக் குடுங்க சார்."

பாலகுரு பேனாவை எடுத்து, அந்த வரிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் ஏதோ எழுதி, கீழே தன் கையெழுத்தையும் போட்டார். என்ன எழுதினார் என்று கார்மேகம் கேட்கவில்லை. நன்றி சொல்லிவிட்டு, மணிகளை வாட்டப் போட்டு நேரம் ஆகிவிட்டதே என்று மாடிக்கு ஏறினான்.